எலியண்ணா தொடாத பஜ்ஜி

வியாதி வந்தவன் மருந்து சாப்பிடுவான். மருந்து சாப்பிடுவதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் எலியண்ணா ஒருத்தர்தான். எழுபதுகளில் மேற்குத் தாம்பரம் லாட்ஜில் எனக்கு அடுத்த கட்டில். புது மாத்திரைகளைக் கடைக்கு அனுப்புமுன் திடகாத்திரமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். சாப்பிடக் கூலி உண்டு. எலிக்கு அடுத்தபடி இவருக்கு என்பதால் அந்தத் திருநாமம்.

லாட்ஜ் வாட்ச்மேனுக்குத்தான் தாங்கவில்லை. "நல்லாத்தானே கீற சார்? இன்னாத்துக்கு மருந்து துன்னுகினு கீற?"

"நல்லா இருந்தாத்தான்யா சேத்துப்பாங்க!" என்பார், கலெக்டர் பரீட்சை பாஸ் பண்ணிய தோரணையில்.

வயசு ஏறியது, ஒரு வரனும் படியவில்லை. "மாப்பிள்ளை மருந்து லைன்ல இருக்கார்" என்று கூசாமல் புளுகி, பீர்க்கன்கரணையில் ஒரு ரிடையர்டு வாத்தியார் வீட்டுக்குப் பெண் பார்க்க அழைத்துப்போனேன். பெண் வந்து நின்றதும் மகானுக்குக் காது சிவந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

சொஜ்ஜி, பஜ்ஜி, காபி வந்தன. மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைத் தொடவில்லை என்றால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்றல்லவா அர்த்தம்? வாத்தியார் முகம் தொங்கிவிட்டது. பெண் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள்.

"எடுங்கண்ணா, மானம் போகுது!" என்று தொடையைக் கிள்ளினேன்.

எழுந்தே நின்றுவிட்டார். "பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. பஜ்ஜிதான் கூடாது. புது மாத்திரை குடுத்திருக்காங்க. இந்த வாரம் எண்ணெய், இனிப்பு, காபி எதுவும் ஆகாது."

"அடடா, என்ன வியாதி?" என்றார் வாத்தியார்.

"வியாதி ஒண்ணும் இல்லீங்க."

"பின்னே எதுக்கு மருந்து?"

"அதான் சார் என் உத்தியோகம்."

போச்சுடா! "ஒண்ணே ஒண்ணு தின்னா டாக்டருக்குத் தெரியவா போகுது?" என்று பல்லைக் கடித்தேன்.

"நான் ஏமாத்தினா, நாளைக்கு நிஜ நோயாளியில்ல அந்த மாத்திரையை நம்பிச் சாப்பிடுவான்?" என்றார், வீடு முழுக்கக் கேட்கும்படி.

வாத்தியார் எங்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறை. வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, மருந்து முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. அன்னிக்கு நானே சுடச்சுடப் போட்டுத் தரேன்."

எலியண்ணா ஒற்றைக் கால் செருப்போடு திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன?

அந்த வாரம் முடியும்வரை எங்கள் அறையில் ஒருத்தரும் அவர் கண்ணெதிரே காபி குடிக்கவில்லை. காபி இல்லாவிட்டால் மண்டை வெடிக்கும் நானும்தான்.