கோயில் ஸ்பீக்கரில் ஒட்டுப்பால் ரெக்கார்ட்ஸ்

பங்க் என்கிற கத்தல் பாட்டைப் பாடுகிறவன் போலீசுக்கும் பயப்படக் கூடாது, பேய்க்கும் பயப்படக் கூடாது. நான் இரண்டுக்கும் பயப்படுவேன். என் அப்பாவுக்கு அதைவிட அதிகம். (எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது; சிகரெட்டை இன்னும் அவருக்குத் தெரியாமல்தான் பிடிக்கிறேன்.)

மலேசியாவில், ஈப்போவில் என் நண்பன் ஜெகன் கைக்காசைப் போட்டு ஒரு கேசட் கம்பெனி நடத்தினான். பெயர் ஒட்டுப்பால் ரெக்கார்ட்ஸ். ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்து நாறுமே, அந்தப் பால்தான். எங்கள் பாட்டுக்குப் பொருத்தமான பெயர். போன வருடம் ஜெகன் இறந்துபோனான். அந்தக் கேசட்டுகளையெல்லாம் திரும்ப வெளியிட அவன் மகள் மீனா கிளம்பினாள். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

"மாமா, அப்பா டிரம்ஸ் அடிச்சது அதுல மட்டுந்தான் இருக்கு. எங்க வச்சீங்க?"

அதில் நான் தொண்டை கிழியக் கத்தும் முதல் வரி, 'எங்கப்பன் ஒரு கங்காணி'. (கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர்.) அப்பா கண்ணில் படக் கூடாதென்று அதை ஒரு முருகன் பாட்டு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விட்டு வரும்போது, அப்பா முருகன் பாட்டு அத்தனையையும் தாப்பா பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். (புண்ணியமாம்!) இத்தனை வருடம் யாரும் அதைப் போடாதது அந்த முருகன் கருணை.

திருவிழாவன்று மீனாவோடு அந்தக் கோயிலுக்குப் போனேன்; அப்பாவும் கூடவே கிளம்பிவிட்டார். பாட்டுப் போடும் கேசட் ரேடியோ இருந்த மேசைக்கடியில் பெட்டியைக் குடைந்து, ஒருவழியாகக் கேசட்டைக் கண்டுபிடித்தேன். உடனே அதைப் பிடுங்கிக்கொண்டார் ரேடியோவைக் கவனித்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன்.

"என்னா தம்பி, முருகன் பாட்டா? குடு, போடுறேன் லா!"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் அப்பா நின்றார். மூடிக்கொண்டேன்.

மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் ஜெகனின் டிரம்ஸ் இடித்தது. உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் குஷியாகிக் கூடவே அடித்தார்கள். மீனா அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்து என் குரல்: "எங்கப்பன் ஒரு கங்காணி!"

ஐயோ, செத்தேன்! பாய்ந்து போய்க் கையில் பட்ட பட்டனை அமுக்கினேன். அது சிவப்புப் பட்டன். பாட்டு நின்றது, ரேடியோ பதிவு செய்யத் தொடங்கியது. அப்பா கத்தினார்:

"டேய்! யாருடா கங்காணி? பல்லுவலி வந்தா நீ இப்படித்தான கத்துவ, எனக்குத் தெரியாதா? முதல்ல சட்டப் பட்டன ஒழுங்கா போடுடா!"

அப்போதுதான் ரேடியோவில் பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அப்பா திட்டியதுகூட உறைக்கவில்லை. நண்பனை நானே அழித்துவிட்டேனோ என்று அவசரமாக ரேடியோவை நிறுத்தினேன். மீனா கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். போட்டுக் கேட்டோம். டிரம்ஸ், என் முதல் வரி, உறுமியோடு அப்பாவின் வசவு, மறுபடி டிரம்ஸ். ஜெகன் தப்பித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மீனா அதை அப்படியே வெளியிட்டாள். கேட்கிற பிள்ளைகளுக்கு என் பாட்டு பிடிக்கவில்லை. அப்பாவின் வசவு மனப்பாடம்.

இப்போதெல்லாம் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "பாடகர் இருக்காரா?" என்று கேட்கிறார்கள். நான் எழுந்தால், "நீ உட்காரு லா, கங்காணியக் கூப்புடு" என்கிறார்கள்.

அப்பா சட்டைப் பட்டனை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருகிறார்.