வத்தல் வாத்தியாரும் ஊறப்போட்ட சவ்வும்

காய்ச்சிய கூழிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று நம்பிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று பிரெஞ்சுக்காரன் வட்டாரமாகப் பிரித்துவைத்துப் போன எல்லாக் கொம்யூனையும் போட்டுச் சலித்தாலும் வத்தல் வாத்தியாரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால் அந்த ஊரில் ஒரு நல்ல கண்ணாடிகூட மிஞ்சாது.

கண்ணாடியைச் சொல்லக் காரணம், நான் கண்ணாடிக்காரன். எழுபதுகளின் கடைசியில் வில்லியனூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு, அவர் கொண்டுவந்த படத்திலிருக்கும் சாமியைப் பார்த்துப் பேசுகிற ஆள் நான்.

வத்தல் வாத்தியார் சாமி படத்தோடு வரவில்லை. வந்ததும் மேஜைமேல் கிடந்த கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினார்.

“இதுல அலை இருக்குப்பா.”

“ஜன்னலுக்கு இது போதும் சார்.”

“ஜன்னலா? கூழ் ஊத்தணும்!”

அடுத்ததை எடுத்தார். அதில் ஒரு குமிழி. அதற்கடுத்ததில் கீறல். கடையே சரியில்லை என்று முடிவாகிவிட்ட நேரத்தில், செல்லிப்பட்டுக்காரர் ஒருவர் காலமான மாமனார் படத்தைச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாத்தியார் பாய்ந்து அந்தப் படத்தில் கன்னத்தை வைத்தார். மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது, துக்கம் தாங்கவில்லை என்று செல்லிப்பட்டுக்காரர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“இந்தக் கண்ணாடிதான் வேணும்” என்றார் வாத்தியார்.

“யோவ், அது செத்துப்போனவரு மேல இருக்கிற கண்ணாடிய்யா!”

“அவருக்கு எதுக்குங்க சமதளம்?”

அன்று நடக்கவிருந்த அடிதடியை நான் வேறு கண்ணாடி மாட்டிக் கொடுத்துத் தவிர்த்தேன்.

உண்மையில் அவர் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ரசாயன வாத்தியார். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, வெயில் நன்றாக அடிக்கும் மாடி தேடி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். மளிகைக்கடை பாயின் மனைவி பல்கீஸ் அக்கா தன் வீட்டு மாடி அறையை அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாத்தியார் ஒரு வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீரில் கட்டி தட்டாமல் கிண்டி, என் கண்ணாடிமேல் ஊற்றி, மொட்டைமாடியில் காயவைத்து, மெல்லிசான சவ்வாக உரித்தெடுப்பார். இதைப் பார்த்துத்தான் அக்கா அவருக்குப் பெயர் வைத்தார்.

“வாத்தியாருன்னு நம்பி வூட்ட வுட்டேன். இன்னாடான்னா வத்தல் ஊத்தறாரு. அதுல உப்பும் இல்ல, சீரகமும் இல்ல. எவன் வாங்குவான்?”

வத்தல் காயும்போது மாடியில் யாரும் பெருக்கக் கூடாது. தூசு விழுமாம். கீழே மிளகாய் வறுக்கக் கூடாது. ஒருநாள் அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வாத்தியார் ஓடிவந்து, “தும்மிடாதீங்க!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“தும்மல் இன்னா என்னைக் கேட்டுக்கினா வருது?” என்று சொல்லி, அக்கா உடனே தும்மினார்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் கண்ணாடி கொண்டுபோன இடத்தில் கேட்டுவிட்டேன். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, எங்கள் பக்கம் இல்லை. வாத்தியார் அதையே பாடமாக்கினார்.

“செக்போஸ்ட்ல ஆளை விட்டுடுவான், பாட்டிலை விடுவானா?”

“விடமாட்டான் சார்.”

“அப்ப பாட்டில் எப்படிப் போகும்?”

“வரப்பு வழியா சுத்திப் போவும்.”

“அவ்வளவுதான் விஷயம்! இந்தச் சவ்வுதான் செக்போஸ்ட். ஹைட்ரஜன் வாயு வந்து நிக்குது. அதுல புரோட்டான்தான் ஆளு, எலக்ட்ரான் பாட்டில். புரோட்டானைச் சவ்வு உள்ளே விட்டுடும். எலக்ட்ரான் கம்பி வழியா சுத்தித்தான் வரணும். வர்ற வழியில அதைப் புடிச்சி வேலை வாங்கினா, அதான் கரண்டு. ஒண்ணே ஒண்ணு, சவ்வு எப்பவும் ஈரமா இருக்கணும். புரோட்டானுக்கு நடக்கத் தெரியாது, நீந்தத்தான் தெரியும்.”

ஐந்தாம் வகுப்பில் யாராவது எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஆறாம் வகுப்புக்கும் போயிருப்பேன்.

ஆனால் அவருக்கே ஒரு செக்போஸ்ட் இருந்தது. திண்டிவனத்தில் இருந்த அவருடைய மனைவி. கல்லூரி திறப்பதற்குள் அந்தச் சவ்வு ஒரு பொம்மைக் காத்தாடியையாவது சுற்ற வேண்டும். சுற்றினால் அந்த அம்மாவும் வில்லியனூருக்கே குடிவந்துவிடுவார். சுற்றாவிட்டால் வாத்தியார் மூட்டை கட்டிக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், சவ்வு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

முதலில் உரித்த சவ்வுகளை வாத்தியார் ஒரு பேசின் தண்ணீரில் போட்டார். காலையில் பார்த்தால் சவ்வைக் காணோம், பேசினில் கஞ்சிதான் இருந்தது. அதன்முன் சம்மணமிட்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம்டா அந்த மனுசன். இனி தண்ணியில போடாதேன்னு யாராச்சும் சொல்லுங்கடா” என்று என்னிடம் வந்து சொன்னார். நான் வாத்தியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லவில்லை.

அதன்பின் அவர் பொடியோடு எதையோ கலந்தார், காய்ந்ததைச் சூடு காட்டினார், அமிலத்தில் முக்கினார், அலசினார். ஒரு சவ்வைக் காக்கை தூக்கிப் போனது. “இனிமே அந்தக் காக்காவைத் தொட்டா ஷாக் அடிக்கும்” என்று தெருவே சிரித்தது. கடைசியில் தண்ணீரில் கரையாத சவ்வு வந்தேவிட்டது. வாத்தியார் அவற்றைப் பேசினில் ஊறவிட்டு, மனைவியை அழைத்துவரத் திண்டிவனம் பஸ் ஏறினார்.

அவர்கள் வந்து இறங்கியபோது நான் வாத்தியார் கேட்டிருந்த கண்ணாடித் துண்டுகளோடு மாடியில் காத்திருந்தேன். பேசின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“சவ்வு எங்கே?” வாத்தியார் பேசினை நிமிர்த்திப் பார்த்தார்.

பல்கீஸ் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவோடு படியேறி வந்தார். முகமெல்லாம் பெருமை. “நல்லவேளை நான் பாத்தேன்! மறுபடியும் தண்ணியில போட்டுட்டுப் போயிட்டியே வாத்தியாரே. எல்லாத்தியும் எடுத்து வெயில்ல காயவச்சி, வேப்பிலை போட்டு மூடி வச்சிட்டேன். ஒண்ணுகூட கரையல!”

டப்பாவுக்குள் சவ்வுகள் சருகாகச் சுருண்டு கிடந்தன. வாத்தியார் ஒன்றைத் தொட்டார். நொறுங்கியது. வறுக்காத வத்தல் அப்படி நொறுங்கி நான் கேட்டதில்லை. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் போனது. அந்த அம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூட்டை கட்ட வேண்டிய சாமான்களைப் பார்த்தார்.

வாத்தியார் அக்காவைத் திட்டுவார் என்று நினைத்தேன். “பழைய சவ்வா இருந்திருந்தா நீங்க பண்ணினது சரிதான்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, முழுசாக இருந்த சவ்வுகளைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டார். அவை மெல்ல மெல்ல விரிந்தன. விரிந்தவற்றை என் கண்ணாடித் துண்டுகளுக்கும் கம்பி வலைக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். புட்டியில் துத்தநாகம் அமிலத்தில் நுரைத்து, ஹைட்ரஜன் வாயு குழாய் வழியே சவ்வுக்குப் போனது. காகித றெக்கை ஒட்டிய குட்டி மோட்டாருக்கு ஒயரைக் கொடுத்தார்.

றெக்கை நடுங்கியது. அவ்வளவுதான்.

“எங்க வூட்டு டேபிள் ஃபேனும் இப்பிடித்தான், தள்ளி வுட்டாத்தான் ஓடும்” என்று சொல்லிக்கொண்டே அக்கா விரலால் ஒரு சுண்டு சுண்டினார். காத்தாடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே பாய் மதியச் சோற்றுக்கு அக்காவைக் கூப்பிட்டு, கூப்பிட்டு, ஓய்ந்தே போனார். அதன்பின்தான் ஏதோ ஒரு சவ்வில் விரிசல் விட்டு அது நின்றது.

“அது இவங்க தள்ளினதால சுத்துச்சி” என்றார் வாத்தியாரம்மா.

“இன்னாம்மா பேசற? நான் தள்ளினா சோறு ஆர்ற வரைக்குமா சுத்தும்?”

“விரிசல் மட்டும் இல்லைன்னா…” என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

“நீங்க சும்மா இருங்க.” அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க சொல்லுங்க. வந்ததுலேருந்து வாயைத் திறக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான். அது தானா சுத்துச்சா, இல்லையா?”

பார்த்துப் பேச அங்கே சாமி படம் எதுவும் இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“தள்ளினது அக்காதாம்மா. ஆனா நிக்காம சுத்தினது தானாத்தான்.”

“காத்துதான் ஒண்ணும் வரல” என்று காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார் அக்கா.

“சுத்தணும்னுதான் சொன்னேன். காத்து வரணும்னு சொல்லலியே” என்றார் அந்த அம்மா. பிறகு முந்தானையால் கணவரின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். “அக்கா, கீழே ஒரு அடுப்பு வச்சிக்க இடம் கிடைக்குமா?”

“சமைக்கவா, இல்ல நீயும் வத்தல் ஊத்தவா?”

சாயங்காலம் திண்டிவனம் வீட்டைக் காலிசெய்துவர அந்த அம்மா பஸ் ஏறினார். நானும் வாத்தியாரும் வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சவ்வைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. என் வீட்டுத் தெரு வந்தது, போயும்விட்டது. நான் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று கூடவே நடந்துகொண்டிருந்தேன்.