புளூடூத்துக்குப் புத்தி ஏறிய விதம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த அக்கா அவர்களுக்கும், பொறுமை நீங்கலாக மற்ற எல்லாம் வாய்ந்த அத்தான் அவர்களுக்கும், தங்கள் வீட்டைக் காவல் காத்துவரும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு வீடு நலம், தொட்டிச் செடிகள் நலம். பிரசவமான உங்கள் மகளும் பச்சைக் குழந்தையும் அங்கு நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அத்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன பட்டியலில் ஐந்தாவது வேலை, தினமும் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிடுவது, இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்பது. முப்பத்தோரு வருடம் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான்; எழுதிக் கொடுத்ததை மீறிப் பழக்கமில்லை. நீங்கள் கிளம்பிய மறு வாரம், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘புளூடூத் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை’ என்று வந்தது. அணைத்துப் போட்டாலும் அதேதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சார், இதுல புளூடூத் பாகமே கிடையாதே” என்றார். இல்லாத பாகத்துக்கு என்ன கோளாறு என்றேன். “அதான் சார் எனக்கும் புரியல. ஃபர்ம்வேர்னா ஒரு பாகம் எப்படி நடந்துக்கணும்னு அதுக்குள்ள ஏத்தி வைக்கிற புத்தி. ஏதோ ஒண்ணு அந்தப் புத்தி இல்லாம தேடிக்கிட்டு இருக்கு” என்று சொன்னவர், பெட்டியை மூடாமலே கிளம்பிவிட்டார். ஸ்க்ரூடிரைவரை மறந்து வைத்துவிட்டுப் போனார், அதைக் கேட்டுக்கூட வரவில்லை.

மறுநாள் திரையில் ஒரு கேள்வி: ‘4172. இந்த எண் மறு கருவியில் தெரிகிறதா? ஆம், இல்லை.’ வேறு யாராக இருந்தாலும் ‘இல்லை’யைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் பார்க்காமல் யாருக்கும் ‘இல்லை’ சொன்னவன் இல்லையே! வீடு முழுக்கத் தேடினேன். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பில் பச்சையாக 4172 எரிந்துகொண்டிருந்தது. அதன் பிளக், அக்கா, நீ பிடுங்கிப் போட்டபடியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எண் என்னவோ சரியாக இருந்தது. இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது? போய் ‘ஆம்’ அழுத்தினேன்.

அதோடு அந்தப் பிழைச் செய்தி ஒழிந்தது. அதற்குப் பதிலாக ‘ஃபர்ம்வேர் ஏற்றப்படுகிறது, எட்டு சதவீதம்’ என்று வந்தது. தினமும் ஏறுது. எங்கேயிருந்து ஏறுதுன்னு முதல்ல எனக்குத் தெரியல. இருபது ஆனப்ப எனக்கு விசில் அடிக்க வரல, வாயைக் குவிச்சா வெறும் காத்துதான் வருது. மறுநாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விசில் அடிச்சுது அக்கா, என் விசில், கடைசியில பிசிறு தட்டுமே, அது உட்பட. அம்பதுல போன் பூட்டோட நம்பர் மறந்துபோச்சு. எதை யோசிச்சாலும் 4172தான் வருது. அதனாலதான் போன் பண்ணாம கடிதம்; அங்கத்து விலாசம் பட்டியலுக்குக் கீழே உன் கையெழுத்துல இருந்ததால தப்பிச்சேன். எழுபதுல நம்ம அம்மா முகம் போச்சு. காது தெரியுது, மூக்குக்கண்ணாடி தெரியுது, நடுவுல ஒண்ணுமில்ல. உட்கார்ந்து அழுதேன். பயந்துபோய்க் கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கினேன். மறுநாள் டாண்ணு பத்து மணிக்கு அதுவா ஆன் ஆகி, கவுண்டர்ல நான் சொல்லுவேனே, “அடுத்தவர் வாங்க”ன்னு, அதை என் குரல்லயே சொல்லிச்சு.

“புத்தி தேடி உன் தம்பிகிட்டயா போச்சு, பாவம் அது!”ன்னு அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். மாடியில பூனை நடந்ததுக்கு நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினதை இன்னும் சொல்லிக் காட்டுறவர். அந்த வெட்கத்துலதான் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப மானம் போனாலும் பரவாயில்ல. எனக்குப் பயமா இருக்கு, அக்கா. இன்னிக்குத் தொண்ணூத்தி நாலு. பூட்டிட்டுக் கிளம்பிடலாம்னு செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவில இறங்கினேன், என் வீடு எந்தப் பக்கம்னே தெரியல. திரும்பி வந்துட்டேன். நூறு ஆகுறதுக்குள்ள யாராவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் என்கிட்ட இருக்கும்போதே வாங்க.

மகளுக்கு என் அன்பு. குழந்தை நீண்ட ஆயுளும் நிறைந்த ஞாபகசக்தியும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள்
தம்பி

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதத்தில் பிழைகள் இருந்தன. அனைத்தும் சரிசெய்யப்பட்டுவிட்டன. தம்பி நலம். யாரும் அவசரப்பட்டு வர வேண்டியதில்லை. வரும்போது குழந்தையைத் தவறாமல் கொண்டுவரவும். அதில் இன்னும் எதுவும் ஏற்றியிருக்க மாட்டீர்கள்.