இருபத்தோரு உப்பு மூட்டைகள்

பாடப் புத்தகத்தில் இருப்பதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. என் தரப்பில் சொல்லிக்கொள்ள இருப்பது இந்த ஒரு நியாயம்தான். மற்றபடி அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்தது மலைக்குக் கீழே படவேடு. வருஷக்கணக்கில் தேர்வு எழுதி, முப்பதை நெருங்கும்போது கிடைத்த வேலை. உத்தரவு கைக்கு வந்த அன்று மலையாவது பள்ளமாவது என்று ஏறிவிட்டேன். என் வீட்டுக்காரர் சரவணன் லோடு வண்டி ஓட்டுகிறார். மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்.

குழந்தை பிறந்து, என் பேறுகால விடுப்பும் தீரப்போகிற சமயம். அது ஐப்பசி மாதம். திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போயாக வேண்டும். அதற்குள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் அம்மாவுக்குக் கீழே மாடும் வயலும் இருக்கின்றன, வர முடியாது. மிச்சம் இருந்தது சந்தவாசலில் இருக்கும் என் மாமியார் மட்டும்தான். அவருக்கு இளைப்பு.

அத்தை அதற்கு முன் ஒருமுறை வந்திருந்தார். வாசற்படி தாண்டியதும் தும்மல் தொடங்கியது. நான் வீட்டு நாற்றத்தை மறைக்க வீடு முழுக்க சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன் (என் மூளை அப்படி). தும்மல் இருமலாகி, இருமல் இளைப்பாகி, மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை இறங்கிப் போய்விட்டார். போனதோடு நிற்காமல் சந்தவாசல் முழுக்கச் சொல்லியும் விட்டார்: "அது வூடா? தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டா மாதிரி இருக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்பாய்ப் பூசணம். என் பட்டப்படிப்புச் சான்றிதழில் புள்ளி புள்ளியாய்ப் பூசணம். இவருடைய பெல்ட்டில் பச்சையாய் மயிர் முளைத்திருந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால் கத்தரிக்கோல் தேவைப்பட்டிருக்கும்.

ஏன் இப்படி என்று நான் யோசிக்காமல் இல்லை. மலையில் மழை, மேகம், ஈரக்காற்று, அதனால் பூசணம் என்று முடிவு செய்திருந்தேன். படவேட்டுக்காரிக்கு மலைக்குளிர் தாங்காது என்று வென்டிலேட்டர்களில் எல்லாம் பழைய விடைத்தாள்களை மைதாப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தவள் நான். சமையலறைப் புகைப்போக்கி ஓட்டையில் ஒரு தலையணையைத் திணித்தவளும் நான். பிள்ளையின் ஈரத்துணிகளை அறைக்கு அறை கொடி கட்டிக் காயப்போட்டவளும் நானே. இவற்றில் எதற்கும் பூசணத்தோடு சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அறிவியல் நடத்துகிறேன் என்பதை இங்கே மறுபடி நினைவுபடுத்த எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"ஜன்னல கொஞ்சம் தொறந்து வச்சா இன்னா?" என்று இவர் ஒருநாள் கேட்டார்.

"ஈரக்காத்து உள்ள வந்துடும். நான் சயின்ஸ் டீச்சருங்க."

"சரிங்க டீச்சர்" என்று அவர் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

நான்தான் அத்தைக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அத்தை நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம வர்றேன். ஒரு நாள் இருந்து பாப்பேன். மூச்சு வாங்குச்சுன்னா கெளம்பிடுவேன். அப்புறம் நீ வேலைய வுடறதோ, புள்ளைய எங்கிட்ட வுடறதோ, உன் இஷ்டம்" என்றார். போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இரண்டில் எதையும் என்னால் விட முடியாது.

அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் உப்பு ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது? காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவதால். அப்படியானால் ஒரு ஜாடி உப்பு ஒரு ஜாடி அளவுக்கு உறிஞ்சும் என்றால், ஒரு வீட்டு உப்பு ஒரு வீட்டை உலர்த்திவிடாதா? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நானே வியந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டில் எங்கள் வீட்டுக்காரம்மா செவந்தி. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், சாமையும் புளியும் அவர்கள் விவசாயம். புளியைப் பானையில் அடைக்கும்போது உப்புப் போட்டுத்தான் அடைப்பார்கள், அதனால் அவர்கள் வீட்டில் கல் உப்பு மூட்டையாகவே இருக்கும். கேட்டதும் அரை மூட்டை கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். "ஒரு சோதனை" என்றேன். படித்தவர்கள் பேச்சு புரியாது என்று நினைத்தோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

உப்பைக் கட்டித் தொங்கவிடத் துணி வேண்டும். எங்கள் கல்யாணத்தில் மிஞ்சிப்போன தாம்பூலப் பைகள் பரணில் ஒரு கட்டு கிடந்தன. மஞ்சள் துணிப் பைகள். ஒரு பக்கம் 'சரவணன் – கோமதி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். மறுபக்கம் 'தங்கள் வருகைக்கு நன்றி'. எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று. எல்லாவற்றிலும் உப்பை நிரப்பி, வாயைக் கட்டி, ஆணி கொக்கி என்று கிடைத்த இடத்தில் எல்லாம் தொங்கவிட்டேன். கட்டிலுக்கு மேல் மூன்று. வாசல் நிலையில் ஒன்று. சுவிட்ச் போர்டுக்கு மேல் ஓர் ஆணி சும்மா இருந்தது, அதிலும் ஒன்று.

இரண்டாம் நாளே பைகள் ஈரமாகிவிட்டன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவர் ஒரு பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது அழுவுதேடி."

"அழுவல, உறிஞ்சுது."

"உறிஞ்சினது எங்க போவும்?"

"பேசாம வண்டிய எடுங்க" என்றேன். (பதில் தெரியாதபோது மாணவர்களிடம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.) அந்தக் கேள்வியை மட்டும் நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல மழை. இவர் அத்தையைக் கூட்டி வர பஸ் நிறுத்தத்துக்குப் போனார். கடைசி நேரத்தில் கொஞ்சம்கூட ஈரம் புகுந்துவிடக் கூடாது என்று கதவையும் ஜன்னல்களையும் இறுக மூடினேன். சொட்டுகிற பைகளுக்குக் கீழே மட்டும் கிண்ணங்கள் வைத்தேன். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். வீடு இருட்டாக இருந்ததால் டியூப்லைட்டைப் போட்டுவிட்டு, மாமியாரை வரவேற்கத் தலை சீவிக்கொண்டு நின்றேன்.

அத்தை கையில் தூக்குச் சட்டியோடு படி ஏறினார். நிலையில் தொங்கிய பை அவர் கண்ணுக்கு நேராகத் திரும்பியது. 'தங்கள் வருகைக்கு நன்றி.'

"வந்ததும் வராததுமா அனுப்பி வைக்கிறியா?" என்றார்.

"ஐயோ இல்ல அத்த, உள்ள வாங்க."

உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தை ஐந்தாவது வரை படித்தவர். உலகத்தில் வேறு எதைப் படிக்கிறாரோ இல்லையோ, மகன் பெயரை எவ்வளவு இருட்டிலும் படித்துவிடுவார். அறை முழுக்க மஞ்சள் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் மகன் பெயர். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. கீழே கிண்ணம். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்தொண்ணு" என்றார் மெதுவாக. "ஒத்தப்படை."

அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்து உதடு வரைக்கும் இறங்கியது. நாக்கில் பட்டதும் முகம் மாறியது. "உப்பு! மந்திரிச்ச உப்பு! அடிப்பாவி, எம் புள்ள பேர எழுதி உப்புல கட்டி வச்சிருக்கியே!" சுற்றும்முற்றும் பார்த்தார். தொங்குகிற எல்லாமே அவருக்கு மூட்டையாகத் தெரிந்திருக்க வேண்டும். "இதுல எதுலடி எம் பேரன் இருக்கான்?"

"இந்தத் தூளியில அத்த, தூங்குறான். அது வந்து, காத்துல இருக்கிற ஈரத்த..." என்று நான் பாடத்தைத் தொடங்கினேன். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது அதற்கு இரண்டு பாடம் தள்ளி வருகிறது. அது முந்திக்கொண்டது. சுவிட்ச் போர்டுக்கு மேலே இருந்த பை அதுவரை சேர்த்து வைத்ததை ஒரேயடியாய் இறக்கியது. படீரென்று ஒரு சத்தம், ஒரு பொறி, டியூப்லைட் அணைந்தது. இருட்டில் இன்னொரு பை அறுந்து தூக்குச் சட்டியின் மேல் விழுந்தது. சந்தவாசலிலிருந்து பஸ் ஏறி வந்த நாட்டுக்கோழிக் குழம்பு தரையில் ஓடியது. பிள்ளை வீறிட்டான்.

"வுட்டுடு! எம் புள்ளைய வுட்டுடு!" என்று அத்தை போட்ட சத்தத்தில் செவந்தி முறத்தோடு ஓடி வந்தார். நிலையில் தொங்கிய பையைத் தொட்டு, "இது நான் குடுத்த உப்பாச்சே" என்றார்.

அத்தை அவரையும் விடவில்லை. "நீதான் உப்பு குடுத்தியா? மலைக்காரங்க சேந்துகினு எம் புள்ளைக்கு இன்னா வச்சீங்க?"

செவந்தி இடுப்பில் கை வைத்தார். "இன்னாக்கா பேசற? அறுத்த சாம மழையில நனையுது, அத அள்ளவே எங்களுக்கு ஆள் இல்ல. இதுல உன் புள்ளைக்கு வேற சூனியம் வைக்க நேரமா இருக்குது? டீச்சர் ஊறுகா போடறாங்கன்னு நெனச்சு குடுத்தேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏன் டீச்சர், நான் வென்டிலேட்டர் வச்சுக் கட்டின வூடாச்சே. அதெல்லாம் எங்க காணோம்?" என்றார்.

எனக்கு நாளைக்குக் காலையில் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டிய இடம்தான் கண்ணில் நின்றது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அத்தையோ முந்தானையைச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார். மூட்டை மட்டும் கட்டியிருக்க மாட்டாள், வேறு எங்கேயாவது எதையாவது மறைத்தும் வைத்திருப்பாள் என்பது அவர் கணக்கு. தேட வெளிச்சம் வேண்டும். ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். ஸ்டூல் போட்டு ஏறி வென்டிலேட்டர் தாள்களைக் கிழித்தார். "இது இன்னா எழுத்து?" என்று ஒரு தாளைக் காட்டினார். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு மாணவன் எழுதிய விடை, பத்துக்கு இரண்டு. புகைப்போக்கியிலிருந்து தலையணையை உருவினார். ஈரத்துணிகளையும் மூட்டைகளையும் அறுத்து வாசல் தாழ்வாரத்தில் எறிந்தார். கடைசியில், "டேய், பீரோவ நவுத்துடா" என்று மகனுக்கு உத்தரவு போட்டார்.

இவர் நகர்த்தினார். சுவரில் பூசணம் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது.

"தோ பாரு! உருவமே வந்துட்டுது!" என்றார் அத்தை. உடனே துடைப்பமும் வெந்நீரும் சோப்பும் கேட்டு, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு அந்த உருவத்தைத் தேய்த்து அழித்தார். "பீரோவ செவுத்தோட ஒட்டி வச்சா செவுரு எப்படி மூச்சு வுடும்?" என்று எனக்கு ஒரு திட்டு. ஒரு சாண் தள்ளித்தான் பீரோவை மறுபடி வைக்க விட்டார்.

எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. மழை விட்டிருந்தது. ஒரு ஜன்னலில் நுழைந்த காற்று இன்னொரு ஜன்னல் வழியாகப் போனது. அந்த வீட்டில் காற்று அடித்து நான் பார்த்தது அன்றுதான். அத்தை பேரனை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். இவர்தான் முதலில் கவனித்தார்.

"அம்மா, உனக்கு மூச்சு வாங்கலயே?"

அத்தை வாயை மூடி, மூக்கால் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். தும்மலும் இல்லை, இளைப்பும் இல்லை. அவ்வளவு ஏறி இறங்கித் தேய்த்த பிறகும் இல்லை. "எப்படி வாங்கும்? அதான் எல்லாத்தயும் எடுத்துட்டனே" என்றார்.

நான் ஈரமும் காற்றோட்டமும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

"நான் கெளம்பறதா இல்ல. இந்தப் பொண்ணுகிட்ட எம் புள்ளையயும் பேரனயும் தனியா வுட்டுட்டுப் போவ எனக்கு இன்னா பைத்தியமா?"

எனக்கு அத்தையின் காலில் விழ வேண்டும் போல இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளியில் இருந்தேன்.

இது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. பையன் இப்போது எல்.கே.ஜி. போகிறான். அத்தை இன்னும் மலையில்தான் இருக்கிறார். தினமும் வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறார், மேகம் இறங்கினால் சாத்துகிறார். ஈரத்துணி தாழ்வாரம் தாண்டி உள்ளே வரக் கூடாது. சாமிக்குக்கூட சாம்பிராணி வாசலில்தான். செவந்தியும் அவரும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கிறார்கள். சொந்தக்காரர்கள் யார் வீட்டுச் சுவரில் கறுப்புப் படர்ந்தாலும் சந்தவாசலிலிருந்து அத்தைக்குத்தான் போன் வருகிறது. மருமகள் வைத்ததைத் தானே எடுத்த கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைத் திறக்கச் சொல்லுவார். கல்யாணப் பந்தியில் என் இலைக்கு யாராவது உப்பு வைக்க வந்தால், "பாத்து வைங்க, தொங்க வுட்டுடப் போவுது" என்று சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

போன மாதம் என் தன்மானம் தலை தூக்கியது. அத்தையை உட்கார வைத்து, எட்டாம் வகுப்புக்கு நடத்துவதுபோல் பொறுமையாக விளக்கினேன். ஈரம் எங்கிருந்து வந்தது, பூசணம் ஏன் பிடித்தது, காற்று ஓடியதும் அவருக்கு இளைப்பு ஏன் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை கவனமாகக் கேட்டார். என் வகுப்பில் அவரைப் போல் ஒரு மாணவி இருந்ததில்லை.

"அப்ப நீ சூனியமே வைக்கலேன்ற?"

"சத்தியமா இல்ல அத்த."

"சரி. அப்படின்னா எனக்கு இங்க இன்னா வேல? புள்ளயும் ஸ்கூலுக்குப் போறான். ஞாயித்துக்கெழம ஊருக்குக் கெளம்பறேன்."

இவர் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். அத்தை இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

"கொஞ்சம் வச்சிருந்தேன் அத்த" என்றேன். "இன்னும் முழுசாப் போவல."

"அதானே பாத்தேன்" என்று அத்தை எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனார்.