காரின் கூரையில் நான் போட்ட முடிச்சு

வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மூன்று தரம் திரும்பி வருபவள். நாலாம் தரம் வர என் கணவர் சுதன் விடுவதில்லை. இந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் இதுவரை ஒன்றும் களவு போனதில்லை. ஆனால் இதே குணத்தால்தான் நுவரெலியாவில், கொட்டும் மழையில், பிள்ளைக்கு மாற்றிவிட ஒரு துணி இல்லாமல் நின்றேன்.

அப்போது மகள் ஆரணிக்கு மூன்று வயது. கொக்குவில் வெயிலில் வளர்ந்த பிள்ளை. மழை தூறினாலே மூக்கு ஒழுகும். அவளை நுவரெலியாக் குளிருக்குக் கொண்டுபோவது மாமிக்கு, சுதனின் தாய்க்கு, துளியும் விருப்பமில்லை. "கொண்டுபோறது உங்கடை விருப்பம். பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சால் பிறகு என்னட்டைச் சொல்லவேண்டாம்" என்றார். ஆகவே பிள்ளை தும்மாமல் வீடு திரும்பவேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு வேறு நோக்கமே இல்லை. (நீர்வீழ்ச்சி, தேயிலைத் தோட்டம் எல்லாம் சுதனின் நோக்கங்கள்.)

மூன்று நாள் பயணத்துக்கு ஆறு கம்பளிச் சட்டை, பதினாலு சோடிக் காலுறை, இரண்டு போர்வை என்று பட்டியல் போட்டேன். போதாததற்கு, சுவிசில் இருக்கும் மச்சாள் தன் மகள் பனிச்சறுக்குக்குப் போட்ட உடுப்பொன்றை அனுப்பியிருந்தார். அதைக் கதிரையில் வைத்தால் இன்னொரு பிள்ளை இருப்பதுபோலத் தெரியும். மடித்தால் ஒரு பக்கம் அமத்த மறுபக்கம் பிதுங்கும். மச்சாள் முன்பொருமுறை, தங்கள் காரின் கூரையில் சறுக்குப் பலகைகளை அழகாக அடுக்கிக்கொண்டு மலைக்குப் போகும் படமும் அனுப்பியிருந்தார். சுதன் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கள் சின்னக் காரின் கூரைக்கும் ஒரு பழைய இரும்புக் கரியரைத் தேடிப் பூட்டினார்.

சாமான் கட்டித்தர அன்ரன் அண்ணை வந்தார். குருநகரில் சொந்தப் படகு வைத்திருப்பவர். அவருடைய மகள் அப்போது என் வகுப்பில் படித்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் மழைக்கு மூட ஒரு தறப்பாளும் நீலக் கயிறும் கொண்டுவந்து, பைகளை மூடி, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் கட்டி முடித்துவிட்டார். பின்பக்கம் கயிற்றின் தலைப்பு ஒன்று மட்டும் தொங்கியது.

"ரீச்சர், இறக்கேக்கை உந்தத் தலைப்பை ஒருக்கா இழுங்கோ. எல்லாம் ஒருமிக்க அவிழும். வேறை ஒண்டும் செய்யவேண்டாம்."

"அதுவரைக்கும் அவிழாதோ அண்ணை?"

"அவிழாது."

"போற வழியிலை, ஆனையிறவிலை காத்துக் கூட எல்லோ?"

"காத்து எனக்குப் பழக்கம் ரீச்சர்" என்றார். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். கயிறு படகுக்கு வாங்கியது, வெட்டாமல் கொண்டுவந்து தரவேண்டும். நான் வாக்குக் கொடுத்தேன்.

ஒருதரம் இழுத்தால் எல்லாம் அவிழும். இந்த ஒரு வசனம் என் நித்திரையைக் கெடுத்துவிட்டது. நான் இழுத்தால் அவிழுமென்றால், மரக்கொப்பு இழுத்தாலும் அவிழும். குரங்கு இழுத்தாலும் அவிழும். ஆனையிறவுக் கடலேரிக்கு மேலே ஆறு கம்பளிச் சட்டைகள் பறந்துபோவதைக் கண்ணை மூடிய நேரமெல்லாம் கண்டேன். விடிய, சுதன் குளிக்கப்போன நேரத்தில், கிணற்றடியில் உடுப்புக் காயப்போடக் கட்டியிருந்த பச்சை நிறக் கொடிக்கயிற்றைக் கழற்றிவந்து, கதிரையில் ஏறி, அந்தத் தலைப்பைக் கரியரோடு சேர்த்துக் கட்டினேன். எத்தனை முடிச்சுப் போட்டேன் என்று எண்ணவில்லை. கயிறு முடிந்தபோது நிறுத்தினேன். சுதனிடம் சொல்லவில்லை. (சொன்னால் சிரிப்பார். போய்ச் சேர்ந்ததும் அவர் பார்க்கமுன் கழற்றிவிடலாம் என்பது என் திட்டம்.)

ஆனையிறவில் ஒன்றும் பறக்கவில்லை. வவுனியாவில் தேத்தண்ணி குடித்தபோதும், தம்புள்ளையில் சாப்பிட்டபோதும் கூரையை அண்ணாந்து பார்த்தேன். மூட்டை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அன்ரன் அண்ணையின் கட்டைச் சுதன் மெச்சியபோது, என்னை மெச்சியதுபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கண்டி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் ஆரணி சத்தி எடுத்தாள். சட்டையை மாற்றினேன். மறுபடி எடுத்தாள். மறுபடி மாற்றினேன். மூன்றாம் முறைக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது உள்பாவாடையும் சுதனின் துவாயும்தான். மிச்சமெல்லாம் கூரையில். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்தது.

பின்னேரம் நாலு மணிபோல விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆரணியை நான் தூக்கி இறக்குவதற்குள் சுதன் மழையில் ஓடிப்போய்த் தலைப்பை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கார்தான் ஆடியது. விடுதியின் காவலாளி, வயதான மனிதர், கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தார். பிறகு பல்லால் கடித்துப் பார்த்தார்.

"அம்மா, இது கட்டு இல்லீங்க. தையல்" என்றார்.

சுதன் அன்ரன் அண்ணையைத் திட்டத் தொடங்கினார். படகு கட்டுகிற மனிதனிடம் கார் கட்டக் கொடுத்தது தன்னுடைய பிழையாம். அவர் ஏன் இரண்டு நிறத்தில் கயிறு போட்டார் என்றும் கேட்டார். நான் பிள்ளையின் தலையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன். விடுதிக்காரர் ஒரு போர்வை தந்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். ஈரமாக இருப்பதுபோலப் பட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். (அது நன்றாகக் காய்ந்த போர்வை. அன்றிரவு நான்தான் போர்த்துப் படுத்தேன்.)

ஆரணி ஒருதரம் தும்மினாள். மாமி கொக்குவிலில் இருந்தபடியே தலையைத் திருப்புவது எனக்குத் தெரிந்தது.

காவலாளி குசினியிலிருந்து கத்தி கொண்டுவந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைத்திராது. நானோ, அது அன்ரன் அண்ணையின் கயிறு, அவரைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்றேன். வாக்கு வாக்குத்தானே. அதனால் சுதன் அவரை வீடியோ அழைப்பில் பிடித்தார். அவர் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கட்டைப்பற்றிச் சுதன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கிட்டக் காட்டுங்கோ தம்பி."

சுதன் தொலைபேசியை முடிச்சுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, உந்தப் பச்சைக் கயித்திலை உடுப்புக் கிளிப் ஒண்டு நிக்குது. நான் கடலுக்குக் கிளிப் கொண்டுபோறேல்லை."

ரோசா நிறக் கிளிப். முடிச்சுக்குள் பாதி புதைந்து நின்றது. சுதன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காவலாளியும் என்னைப் பார்த்தார்.

"ரீச்சர் பக்கத்திலை நிக்கிறாவோ?" என்று அன்ரன் அண்ணை கேட்டார். தொலைபேசி என் கைக்கு வந்தது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"பச்சையை வெட்டுங்கோ ரீச்சர். பிறகு என்ரை தலைப்பை ஒருக்கா இழுங்கோ."

ஆரணியைச் சுதனிடம் கொடுத்துவிட்டு வெட்டினேன். இழுத்தேன். அவர் சொன்னதுபோலவே எல்லாம் ஒருமிக்க அவிழ்ந்தது. தறப்பாளின் மேல் கண்டியிலிருந்து சேர்ந்திருந்த மழைத்தண்ணி முழுவதும் என் தலையில் இறங்கியது. பைகளுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

பனிச்சறுக்கு உடுப்பை ஆரணிக்குப் போட்டேன். சுதன் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் முகம் சிவந்து, வேர்த்து, கழற்றச்சொல்லிக் கத்தினாள். மற்றபடி மூன்று நாளும் அவளுக்கு ஒன்றுமில்லை. தடிமன் எனக்குத்தான் வந்தது. வீட்டுக்கு வந்தபோது குரலே இல்லை. மாமி என்னைப் படலையடியிலேயே பார்த்துவிட்டு, தடிமனுக்கு மல்லி அவிக்க உள்ளே போனார். "நான் பிள்ளையைத்தான் யோசிச்சனான்" என்று மட்டும் சொன்னார். அந்த வசனத்தை இன்றுவரை நல்லநாள் பெருநாளுக்குச் சொல்கிறார்.

நீலக் கயிற்றை முழுதாகக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் அன்ரன் அண்ணை. ஆனால் கரையில் கதை சொல்லியிருக்கிறார்.

போன மாதம் குருநகர்ப் பக்கம் மீன் வாங்கப் போனேன். இரண்டு பேர் ஒரு வலைப் பொதியை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் அலுத்துப்போய், "விடடாப்பா, ரீச்சர் கட்டு விழுந்திட்டுது. கத்தியை எடு" என்றார்.

பேசாமல் வந்திருக்கலாம். அதென்ன ரீச்சர் கட்டு என்று கேட்டேன்.

"அது அக்கா, கட்டினவனிலை நம்பிக்கையில்லாமல் அதுக்கு மேலாலை போடுறது. பிறகு போட்டவையாலையும் அவிழ்க்கேலாது" என்று அவர் விளக்கினார்.

நல்ல விளக்கம். வகுப்பில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.