மூன்றாம் மாடியில் லேப்டாப்புக்கு ஜாதகம்

பாங்காக்கில் லேப்டாப் மெதுவாகிவிட்டால் மூன்று வழி உண்டு. பழுதுபார்ப்பவரிடம் போகலாம். புதிதாக வாங்கலாம். ஜோசியர் ஆசான் வொராவுட்டிடம் போகலாம். எங்கள் கணினி வளாகத்தின் மூன்றாம் மாடியில் ஊரே திரண்டு மூன்றாவது வழியில்தான் நின்றது. வரிசை நீண்டு வளைந்து என் கடையை மறைத்தது. நான் லேப்டாப் பை விற்கிறவன். காத்திருந்து அலுத்தவர்கள் பை வாங்கினார்கள். ஆகவே நானும் அந்த அற்புதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. யோக்கியன் என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.

பழைய லேப்டாப்பில் மெமரியைக் கூட்டுவதா, நல்ல பிராசசர் உள்ள புதியதாகவே வாங்குவதா? படித்தவர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த விவகாரத்தை ஆசான் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

"எந்தக் கிழமை பொறந்தே?"

ஞாயிறும் செவ்வாயும் சூடு, ஆகவே பிராசசர். திங்களும் வெள்ளியும் குளிர்ச்சி, ஆகவே மெமரி. வியாழனுக்கு அவர் வாயில் வந்தது. சனிக்கு இரண்டும். புதனில் மட்டும் ஒரு முடிச்சு. எங்கள் ஊரில் புதன்கிழமை இரண்டு: பகலில் பிறந்தவருக்குப் புதன், பொழுது போனபின் பிறந்தவருக்கு ராகு. புதனுக்கு மெமரி. ராகுவுக்குப் பிராசசர், கூடவே கறுப்பாக எட்டுப் பொருள் படையல். கறுப்புக் கோழி, கறுப்புக் காப்பி என்று ஏழு சேர்த்துவிட்டு, எட்டாவது கிடைக்காமல் லேப்டாப் சார்ஜரைப் படைத்த புண்ணியவானும் உண்டு. சார்ஜர் திரும்பி வரவில்லை.

கடைசியில் ஆசான் ஒரு மஞ்சள் சீட்டு தருவார். அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடை பூன்லெர்ட்டிடம் கொடுக்க வேண்டும். பூன்லெர்ட் ஆசானின் மச்சான். ஒருநாள் அவன் அங்கிருந்தே கத்தினான்.

"மச்சான், மெமரி தீந்துபோச்சு!"

அதற்குப் பிறகு வந்த மூன்று திங்கட்கிழமைக்காரிகளுக்கும் ஆசான் பிராசசர் எழுதினார். "இந்த மாசம் சந்திரனுக்கே சூடு ஏறிடுச்சு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் ஒரு பையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

வெறும் ஜோசியத்துக்கா இத்தனை கூட்டம்? கண்கண்ட அற்புதமும் இருந்தது. "உள்ள இருக்கிற ஆவி தூங்கணும், முழுசா அணைச்சிடு" என்பார் ஆசான். வெள்ளை நூல் கட்டி, ஒன்பது நிமிடம் மந்திரம் ஓதி, மூடியின்மேல் தீர்த்தம் தெளிப்பார். திறந்தால் லேப்டாப் பறக்கும். கூட்டம் "சாது, சாது", அதாவது நன்று நன்று, என்று கைகூப்பும். "ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும். நிரந்தரமா வேணும்னா சீட்டுல உள்ளத வாங்கு" என்று ஆசான் முடிப்பார்.

அன்று ரச்சனியின் முறை வந்தது. வீட்டு வரைபடம் போடுகிற பெண். மாலை நான்கு மணிக்குள் ஒரு வரைபடத்தை அனுப்பினால் அவளுக்கு நிரந்தர வேலை. தவறினால் அந்த நாற்காலி வேறொருத்திக்கு. அவளுடைய லேப்டாப்போ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. அப்போது மணி ஒன்றரை.

"புதன்கிழமை, ஆசானே."

"பகலா, ராத்திரியா?"

ரச்சனி விழித்தாள். வடகிழக்கே ரோய் எட் என்னும் ஊரில் இருக்கும் தாய்க்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் பேசியது வரிசை முழுக்கக் கேட்டது.

"பொழுது சாயுற நேரம்டி. எருமையக் கட்டிட்டு நிமிந்தேன், வலி எடுத்துடுச்சு. அந்த வலியில மணி யாரு பாத்தா? ஏன்டி, கல்யாணமா?"

"லேப்டாப்புக்கும்மா."

"லேப்டாப்ப நானா பெத்தேன்?"

அன்றைக்கு மூன்றாம் மாடியில் பேசப்பட்ட முதல் நியாயமான பேச்சு அதுதான். ஆசான் கண்ணை மூடினார்.

"அந்தி! ரெண்டுங்கெட்டான் நேரம். புது லேப்டாப்பும் வாங்கு, அதுல மெமரியும் கூட்டு."

"அவ்வளவுக்கு நான் எங்க போவேன், ஆசானே?" ரச்சனிக்கு அழுகை வந்துவிட்டது.

நான்காம் மாடியில் பழுதுபார்க்கும் கம்போன், குளிர்ந்த காப்பி வாங்க அந்தப் பக்கம் வந்தவன், நின்றான். "ஏம்மா, வேலை செய்யறப்ப என்னெல்லாம் திறந்து வச்சிருப்பே? அத்தனையும் இப்ப திற."

அவள் திறந்தாள். வரைபடம், நூறு படங்கள், நாற்பது இணையப் பக்கங்கள். லேப்டாப் உறைந்தது.

"ஆசானே, இப்ப ஓதுங்க. ஆனா அணைக்கக் கூடாது."

"அணைக்காம எப்படி? ஆவி தூங்கணுமே!"

"முழிச்சிருந்தா உங்க மந்திரம் அதுக்குக் கேக்காதா?"

"ஓதுங்க ஆசானே, இவன் வாய அடைங்க!" என்றது பக்தகோடி. வேறு வழியில்லை. ஒன்பது நிமிடம் ஓதினார். நூல் கட்டினார். தீர்த்தம் தெளித்தார். திரையில், காத்திரு என்று சொல்கிற அந்தச் சின்ன வட்டம் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இவளுக்கு ராகு ரொம்பக் கெட்டியா இருக்கான்" என்றார் ஆசான், வியர்வையைத் துடைத்தபடி.

கம்போன் வரிசையைப் பார்த்துத் திரும்பினான். "அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க. உங்க லேப்டாப்ப நீங்களே முழுசா அணைச்சுத் திறங்க. மந்திரம் வேண்டாம்."

சந்தேகத்தோடு அணைத்தார்கள். திறந்தார்கள்.

"அட, எனக்கு ஓடுதே!"

"எனக்கும்!"

"நான் இன்னும் காணிக்கையே வைக்கலையேப்பா!" என்று ஒரு பெரியவர் பதறினார்.

"மாசக்கணக்கா அணைக்காம மூடி மூடி வச்சா எது ஓடும்?" என்றான் கம்போன். பிறகு ரச்சனியின் லேப்டாப்பில் மூன்று விசைகளை அழுத்தினான். அது திணறித் திணறி ஒரு பட்டியலைக் காட்டியது. "படி."

"பிராசசர் பதினஞ்சு சதவீதம். மெமரி தொண்ணூத்தேழு."

"சமையல்காரன் சும்மா நிக்கிறான். மேடையில காய் வைக்க இடமில்ல. இப்ப ஆள மாத்தணுமா, மேடையப் பெரிசாக்கணுமா?"

"மேடைய." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெமரிதான்!"

பின்னால் நின்ற, வீடியோ வெட்டி ஒட்டும் ஆள் ஒருவர் தன்னுடையதிலும் வேலை ஓடவிட்டுப் பார்த்தார். மெமரி பாதிகூட நிரம்பவில்லை. பிராசசர் நூறு.

"உங்களுக்கு பிராசசர்தான் பத்தல."

"ஆனா நான் வெள்ளிக்கிழமை பொறந்தவன் தம்பி!"

"அது உங்க லேப்டாப்புக்குத் தெரியாது, அண்ணே."

கம்போன் மெமரியைப் பொருத்தினான். மூன்றேகாலுக்கு ரச்சனி வரைபடத்தை அனுப்பினாள். அனுப்பிவிட்டு என் கடைவாசலில் உட்கார்ந்து மறுபடி அழுதாள். இந்த முறை சந்தோஷத்தில். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு பை விற்றேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆசான் கழிவறைக்குப் போகிறேன் என்று போனார். இன்னும் திரும்பவில்லை. தனக்கு மச்சானே கிடையாது என்கிறான் பூன்லெர்ட்.

மறுநாள் காலை நான்காம் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கம்போனின் மேசைமேல் மல்லிகைச் சரம். பக்கத்தில், எங்கள் ஊரில் ஆவிகளுக்குப் படைப்பதுபோல், உறிஞ்சுகுழல் போட்ட ஒரு பாட்டில் சிவப்புச் சோடா. எதிரே கைகூப்பிய வரிசை. கம்போன் சரத்தை எடுத்துக் காப்பிக்காரியிடம் கொடுத்தான். சோடாவைக் குடித்தான். ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினான்: 'கும்பிடாதீர்கள். திறந்து பாருங்கள்.'

முதலில் நின்றவர் அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அதைக் கும்பிட்டார்.

புண்ணியவான்களே, கூப்புகிற கை இரண்டில் ஒன்றையாவது எடுத்து மண்டையைச் சொறியுங்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்!