தறி ஓடினால் செத்துப்போகும் மடிக்கணினி

சொல்லாமல் கொள்ளாமல் நல்லது செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெடுதல் செய்கிறவனிடம் சண்டை போடலாம். நல்லது செய்தவரிடம் என்ன செய்வது? கத்தக்கூட முடியாது. (நான் கத்தினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் நெட்வொர்க் வேலையைக் கவனிக்கும் பகுதியில் வரும் பிழைகளைத் திருத்துவது என் வேலை. அதிலும் எனக்கென்று வந்து வாய்ப்பவை, ஒரே சமயத்தில் நடக்கும் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பிழைகள். கல்யாணப் பந்தியில் ஒருவன் இலையை எடுக்கிறான். அதே நொடியில் இன்னொருவன், இலை இருக்கிறதென்று நம்பி, அங்கே சாம்பாரை ஊற்றுகிறான். அவ்வளவுதான் சங்கதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேருமே ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறார்கள். பந்திதான் நாறிப்போகும்.

அலுவலகம் பெங்களூரில். நான் இருப்பது சங்கரன்கோவிலில், கணவர் வீட்டில். வீட்டை ஒட்டியே அவருடைய விசைத்தறிக் கூடம். மத்தியானச் சாப்பாடு முடிந்து தறிகள் மொத்தமாக ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டு விளக்குகள் படபடவென்று சிமிட்டும். என் சோதனை மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு. அதற்கு நெட்வொர்க் கொடுக்கும் சின்னப் பெட்டிக்குக் கிடையாது. பெட்டி அணைந்து அணைந்து எரியும், இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும், உள்ளே இலைக்காரனும் சாம்பார்க்காரனும் மோதிக்கொள்வார்கள், மடிக்கணினி செத்துப்போகும்.

பெங்களூரில் அது ஒருநாளும் சாகவில்லை. "மேடம், இது பக் இல்லை. உங்க ஊர் கரண்ட் பிரச்சினை" என்றான் டீம் லீடர் தினேஷ். (என்னைவிடச் சின்னவன். 'ன்' போட எனக்கு உரிமை உண்டு.)

எனக்கு வந்ததே கோபம்! கரண்ட் போனால் இணைப்பு போகலாம். கணினி ஏன் சாக வேண்டும்? அதற்குப் பெயர்தானே பக்? கேட்டேன். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எல்லார் கண் முன்னாலும் அதைச் சாகவைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதிய திருத்தத்தை எடுக்கமாட்டார்கள், அடுத்த மாதத்திலிருந்து நான் பெங்களூருக்கே வந்து உட்கார வேண்டும் என்றான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவரைத் தறியோடு விட்டுவிட்டு ஹாஸ்டல் கட்டிலுக்குப் போவதா? அந்த வாரம் முழுக்க வீட்டில் 'கரண்ட், கரண்ட்' என்று கத்திக்கொண்டு திரிந்தேன். விஷயம் என்னவென்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே புரியப்போகிறது என்ற எண்ணம்.

வெள்ளிக்கிழமை. செல்போனில் வீடியோ மீட்டிங், அதன் கேமரா சோதனை மடிக்கணினியைப் பார்த்தபடி. காதில் வயரில்லாத ஹெட்செட். "இப்போ பாருங்க" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தறிகள் ஓட வேண்டிய நேரம் வந்தது, போனது. ஒரு சத்தமும் இல்லை. தினேஷ் கேமராவுக்கு நேராகவே கொட்டாவி விட்டான்.

எழுந்து நடைக்கு ஓடினேன். அங்கே என் மாமியார் காபித் தம்ளரோடு நின்றார்.

"அத்தை, தறி ஏன் ஓடல?"

"மெல்லப் பேசுட்டி. நீ மீட்டிங்கு மீட்டிங்குன்னு பறக்கியே, சத்தம் இடைஞ்சலா இருக்கும்னு நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

"ஓடச் சொல்லுங்க! இப்பவே!"

தறிகள் ஓடின. சுவரெல்லாம் அதிர்ந்தது. விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. ஸ்குரூடிரைவரோடு என் கணவர் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எப்படி? காலையிலதான் ஸ்டெபிலைசர் மாட்டுனேன் பாத்துக்கோ. இனிமே வோல்டேஜ் இறங்கவே இறங்காது. கரண்ட்டு கரண்ட்டுன்னு அழுதியேன்னுதான்."

"உங்ககிட்ட யாரு கேட்டா? நல்லாச் செத்துக்கிட்டு இருந்ததை ரெண்டு பேருமாச் சேந்து பிழைக்க வச்சிட்டீங்களே, பாவிகளா!"

(ஹெட்செட் மைக் அணைக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கோ ரொம்ப முடியவில்லை என்று பெங்களூரில் எழுந்தே நின்றுவிட்டார்களாம்.)

"சரி, மெயினையாவது அணைங்க!" என்று கத்தினேன். கணவர் பயந்துபோய் நடையிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை. நிதானமாக ஒரு தடவை அணைத்தால் கணினிக்குள் இலைக்காரனும் சாம்பார்க்காரனும் ஒருவர் பின் ஒருவராக வேலையை முடித்துக்கொள்வார்கள். இது தெரிந்த நானே கோபத்தில் மறந்திருந்தேன். ஃபேன் நின்றதைப் பார்த்து அத்தை பதறினார்.

"ஐயய்யோ, கரண்ட்டு போச்சே! பிள்ளைக்கு மீட்டிங்குல்லா!" சுவிட்சைப் போட்டார்.

"எம்மா, கைய எடுங்க. அவதான் அணைக்கச் சொன்னா." அணைத்தார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? எடுலே கைய!" போட்டார்.

அவர் அணைக்க, இவர் போட, அவர் அணைக்க, இவர் போட, டக்டக்கென்று சத்தம். ஒருவர் என் சொல்லைக் கேட்டார், மற்றவர் என் நன்மையைப் பார்த்தார், நடுவில் சுவிட்ச் மாட்டிக்கொண்டது. "ரெண்டு பேரும் தள்ளுங்க!" என்று நான் பாய்ந்தபோது காதுக்குள் தினேஷ் அலறினான்.

"மேடம்! செத்துடுச்சு! செத்துடுச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்கப் பிழை வரிகளோடு மடிக்கணினி உறைந்து கிடந்தது. இத்தனை அழகாக அது செத்து நான் பார்த்ததில்லை. உடனே என் திருத்தத்தை ஏற்றி, மறுபடியும் சண்டை போடச் சொன்னேன். வேண்டுமென்றே போடச் சொன்னதும் அத்தைக்கு வெட்கம் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே போட்டார். இந்த முறை மடிக்கணினி சாகவில்லை. திருத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர்ப் பேச்சு அதோடு நின்றது.

என் வயிற்றெரிச்சல் மட்டும் நிற்கவில்லை. நாயாய்ப் பேயாய் அலைந்து அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவள் நான். திருத்தியவள் நான். பாராட்டி ஒரு வரி? கிடையாது. இப்போது பெங்களூர் ஆய்வகத்தில், கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்து நெட்வொர்க்கைச் சோதிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். தினேஷ் அதற்கு 'அத்தை' என்று பெயர் வைத்துவிட்டான். எங்கள் மென்பொருள் எதுவும் அத்தையிடம் ஓடித் தப்பிக்காமல் வெளியே போக முடியாது. 'நேற்று அத்தை ரெண்டைக் கொன்றுவிட்டார்கள்' என்று மெயில் வருகிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துகிறேன்.

இதை நான் கணவரிடம் சொல்ல, அவர் அத்தையிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மடிக்கணினியை மூடும்வரை காத்திருந்து, விருந்தாளிகள் இருந்தால் அவர்களுக்கும் கேட்கும்படி, அத்தை கேட்கிறார்:

"ஏட்டி, இந்த வாரம் நான் எத்தனையக் கொன்னேன்?"